இழுக்கும் வண்டிக்கு முன் இழுபடும் வண்டி

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டியே நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வரும். அது தானே ஓடக்கூடியது. நாம் இங்கே குறிப்பிடுவது எஞ்சின் இல்லாதது. மற்றொரு வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படுவது. கரடுமுரடான பாதைக்கென உயர்ந்த சட்டகமும் பருத்த டயர்களும் கொண்டது.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற கையோடு, பிக்கப் வாங்கக் கடன் கேட்டு நம்மிடம் வந்தார். கேரவனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். டூவர்ஸ் காடுகளுக்கும் சிக்கிமுக்கும் குடும்பத்தோடு சென்றுவர வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் கொண்டுவந்த தாளில் குதிரைத்திறனும், 3,500 கிலோ இழுக்கும் என்ற வரியும் வட்டமிடப்பட்டிருந்தன. அந்த 3,500 கிலோ, ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் முதலிய பிக்கப்புகளுக்குச் சொல்லப்படுவது. பெயர் ஒன்றாக இருந்தாலும், இங்கே வாங்கும் வண்டிக்கு அதனுடன் வரும் கையேட்டிலும் பதிவுச் சான்றிலும் உள்ள எடைகளே செல்லுபடியாகும்.

கேரவனின் எடை என்ன என்று கேட்டோம். 2,100 கிலோ என்றார். அது வெற்று எடை. நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ கூடும். நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. மின்கலங்கள், பாத்திரங்கள், படுக்கைகள், அரிசி பருப்பு எல்லாம் ஏறினால் 2,500 கிலோவைத் தொட்டுவிடும். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, கொக்கியின் வழியாகப் பிக்கப்பின் பின்புறத்தில் அமரும். பலர் கணக்கில் எழுத மறக்கும் செலவு இதுதான்.

வணிகவியல் படித்த பழக்கத்தில் ஒரு தாளில் வரவு செலவு போட்டுக் காட்டினோம். பிக்கப்பின் வெற்று எடை 2,000 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 600. கொக்கிச் சுமை 250, நால்வர் 280 போக மீதி 70 கிலோதான். பெட்டி படுக்கை அதற்குள் அடங்க வேண்டும். இரு வண்டிகளும் சேர்ந்து 4,600 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று தயாரிப்பாளர் வரையறுத்திருந்தால், இந்தக் குடும்பம் 4,850 கிலோவில் நிற்கிறது. எஞ்சின் இழுத்துவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் இறக்கத்தில் அந்த 250 கிலோ மிகையையும் சேர்த்து நிறுத்த வேண்டியது பிரேக். செவோக்கிலிருந்து தீஸ்தாவை ஒட்டிச் செல்லும் மலைச்சாலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

குதிரைத்திறன் மட்டுமே மலையேற்றத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குப் பல பதிற்றாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய லேண்ட் ரோவர்களின் எஞ்சின் இன்றைய சிறு கார்களையே மிஞ்சாது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதும், மிகத் தாழ்ந்த கியர் விகிதமும், குட்டையான உடலுமே அவற்றின் வலிமை. அந்தப் பாதையின் கொண்டையூசி வளைவுகளில் ஆறு மீட்டர் கேரவனைத் திருப்ப முடியாது என்பது வேறு செய்தி.

அப்படியானால் இன்னும் பெரிய பிக்கப் வாங்கலாமே என்பார்கள். ஆஸ்திரேலியாவில் அதைத்தான் செய்கிறார்கள். 4,500 கிலோ இழுக்கும் அமெரிக்க வண்டிகளை வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றி விற்கிறார்கள். இங்கே அந்த வழி எளிதன்று. அது இருந்தாலும் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம். வண்டி பெரிதானால் தவணை மட்டுமா பெரிதாகிறது? டயர், எரிபொருள், காப்பீடு எல்லாமே கூடவே வளரும். கேரவனைச் சிறிதாக்குவதே மலிவான வழி என்பது நம் கருத்து.

இழுவைக் கொக்கியும் கேரவனுக்கான பிரேக் இணைப்பும் பெரும்பாலும் வண்டியின் விலைப்பட்டியலில் இரா. கடன் தொகையைத் தீர்மானிக்கும் முன்பே அவற்றுக்கும் விலை கேட்டு வாங்குங்கள். கேரவனுக்கெனத் தனிப் பதிவும் காப்பீடும் உண்டா என்று பாருங்கள். அனுமதித்த எடையை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டில் தகராறு எழும். தவணையோ மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். முன்புற இரும்புக் காப்புக் கம்பியை அழகுக்காகப் பூட்டச் சொல்பவர்களை நம்பவேண்டாம். எடை கூடுவது ஒருபுறமிருக்க, அத்தகைய கம்பிகள் சட்டவிரோதம் என மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

பெரியவர் அன்று சற்றே மனத்தாங்கலோடுதான் எழுந்து சென்றார். கொடுத்த முன்பணம் உறுத்தியிருக்கும். இரண்டு மாதங்கள் கழித்து எடைமேடைச் சீட்டு ஒன்றோடு வந்தார். முன்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதே பட்டறையில் சிறிய கேரவனுக்கு மாறியிருந்தார். தண்ணீரும் உருளையும் ஏற்றிய பிறகு எடுத்த எடை 1,380 கிலோ. சீட்டைக் கடன் கோப்பில் இணைத்துக்கொண்டு, முதலில் கேட்டதைவிடக் குறைந்த தொகைக்கு ஒப்புதல் வழங்கினோம்.