பூட்டை விற்றவர் எங்கே?

கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், லீசிங் போட்டு ஒன்று எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

"ஸ்மார்ட் சாவி உள்ள காரா? இரவில் சாவியை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வையுங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள்." இப்படி ஓர் அறிவுரை வட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி சுற்றுகிறது. அறிவுரையில் பிழையில்லை. நானும் அதையே சொல்வேன். அதற்குக் கீழே வரும் கருத்துகள்தான் கோபத்தைக் கிளப்புகின்றன. கார் பறிகொடுத்தவரைப் பார்த்து, "கவனயீனம்", "சொகுசுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்", "ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்கல் வைத்தால் என்ன நடக்கும்?" என்கிறார்கள்.

ஒட்டகத்தைக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர் கட்டினாரே! பல ஆண்டுச் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கிய காரைப் பூட்டி, பூட்டிய சத்தத்தையும் கேட்டுவிட்டுத்தானே வீட்டுக்குள் போனார்? உக்கிய கயிற்றை உறுதியான கயிறு என்று விற்றவரைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

இந்தப் பதிவு அந்தக் கயிற்று வியாபாரியைப் பற்றியது.

முதலில் திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்மார்ட் சாவியைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு காரின் கதவுப் பிடியைத் தொட்டதும், கார் ஒரு மெல்லிய வானொலி அலையை அனுப்பி "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கிறது. அந்த அலை ஒன்றிரண்டு மீற்றர் தூரம்தான் போகும். சாவிக்கு அது கேட்டால் இரகசியக் குறியீட்டில் பதில் அனுப்பும். பதில் சரியென்றால் கதவு திறக்கும், புஷ் ஸ்டார்ட் வேலை செய்யும்.

இதில் உள்ள ஓட்டையை என் வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். நான் இடாப்புக் கூப்பிடுகிறேன். கடைசி வாங்கில் இருப்பவன் மேசைக்குக் கீழே ஃபோனை வைத்து, வீட்டில் படுத்திருக்கும் கூட்டாளிக்கு அழைப்பு எடுத்திருக்கிறான். பெயர் வந்ததும் ஃபோனிலிருந்து "உள்ளேன் சேர்" என்று சத்தம் வருகிறது. குரல் அந்தப் பிள்ளையின் குரல்தான். ஆனால் ஆள் வகுப்பில் இல்லை. நான் தலை நிமிராமல் வரவு போட்டால் பிழை யாருடையது?

ரிலே திருட்டு என்பது இதேதான். ஒருவன் காருக்குப் பக்கத்தில் ஒரு கருவியோடு நிற்கிறான். மற்றவன் வீட்டுக் கதவோரம் இன்னொரு கருவியோடு நிற்கிறான். காரின் கேள்வியை இவன் வீட்டுக்குள் கடத்துகிறான். மேசையில் கிடக்கும் சாவி நேர்மையாகப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் காருக்குப் போய்ச் சேருகிறது. இரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை, உடைக்கத் தேவையுமில்லை. சாவி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் அளந்து பார்ப்பதே இல்லை. அதுதான் ஓட்டை.

"தொழில்நுட்பம் வளர்ந்தால் திருடனும் வளர்வான், கம்பனி என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். 2011. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 உற்பத்தியாளர்களின் 10 கார் மாதிரிகளை எடுத்து, இதே ரிலே முறையில் பரிசோதித்தார்கள். பத்தும் திறந்தன. முடிவுகளை ஒளிக்காமல் வெளியிட்டார்கள், பரிகாரங்களையும் சேர்த்தே எழுதினார்கள். அதன் பிறகும் எத்தனை ஆண்டுகள் அதே வகைச் சாவிகள் "நவீன வசதி" என்ற பெயரில் விற்கப்பட்டன? தெரியாமல் விற்றார்கள் என்று இனியும் சொல்ல முடியுமா?

அடுத்த கதை இதைவிட மோசம்.

பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், பல கம்பனிகளின் கார்களில் இருந்த மெகாமோஸ் கிரிப்டோ என்ற இம்மொபிலைசர் சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். இம்மொபிலைசர் என்றால், சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு. சிப் செய்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் கட்டுரையை வெளியிட ஆயத்தமானார்கள். வொக்ஸ்வாகன் என்ன செய்தது? லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2013 இல் கட்டுரைக்குத் தடையுத்தரவு வாங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 இல், ஒரேயொரு வசனத்தை நீக்கிய பிறகுதான் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளும் திருடர்கள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்களா? இருட்டில் வைக்கப்பட்டது காரை வாங்கிய பொதுமகன்தான். வினாத்தாள் வெளியே போய்விட்டது என்று சொன்ன மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதே வினாத்தாளில் பரீட்சை நடத்துவது போன்ற வேலை இது.

2016 இல் பேர்மிங்ஹாம் ஆய்வாளர்களும் வேறு சிலரும் இன்னொன்றையும் காட்டினார்கள். 1995 முதல் வந்த வொக்ஸ்வாகன் குழும வாகனங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் ரிமோட் பூட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொது மூலச் சாவிகளையே நம்பியிருந்தது. பொத்தானை ஒரு தடவை அழுத்தும்போது வரும் சமிக்ஞையைப் பிடித்தால் போதும், கதவைத் திறக்க மாற்று ரிமோட் செய்துவிடலாம். ஒரு ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே பூட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் மட்டும் "சாவி கவனம்" என்று சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பா?

இப்போது டின்னுக்கு வருவோம். லண்டனில் 2022 இல் ஒரு டொயோட்டா ராவ்4 காணாமல் போனது. அதன் உரிமையாளர் யார் தெரியுமா? வாகனங்களின் கணினிப் பாதுகாப்பை ஆராய்பவர். திருடர்கள் அவருடைய சாவியைத் தேடவே இல்லை. முன் விளக்குப் பக்கமாக வயரை இழுத்தெடுத்து, காரின் உள் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பில் ஒரு கருவியைப் பொருத்தி, "சாவி சரி, திற" என்று காரின் மொழியிலேயே பொய் சொன்னார்கள். அப்படிப்பட்ட கருவி புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் மறைத்து விற்கப்படுவது 2023 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உள்ளே இருந்து வரும் எந்தச் செய்தியையும் சரிபார்க்காமல் கார் நம்பியது. சாவியை டின்னில் அல்ல, வங்கிப் பெட்டகத்திலேயே வைத்திருந்தாலும் இந்தத் திருட்டு நடந்திருக்கும். இதற்கும் உரிமையாளரின் கவனயீனம்தான் காரணமா?

"எந்தப் பூட்டும் நூறு வீதம் பாதுகாப்பில்லை சேர்" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். உண்மைதான். ஆனால் தவிர்க்க முடியாத பலவீனம் வேறு, தெரிந்தும் செலவை மிச்சம் பிடிக்க விட்டுவைத்த பலவீனம் வேறு. சாவி அசையாமல் கிடந்தால் தானாகவே தூங்கிவிடும் வகையில் அசைவு உணரி பொருத்தலாம். தூங்கும் சாவி யாருக்கும் பதில் சொல்லாது. சமிக்ஞை போய்வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் தொழில்நுட்பமும் உண்டு. லேண்ட் ரோவரின் சில மாதிரிகளில் 2018 அளவிலேயே அது வந்துவிட்டது. ஆக, வழி இருக்கிறது. அது முதலில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கடைசியில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மிகத் தெளிவான சாட்சி கியாவும் ஹுண்டாயும். இது ஸ்மார்ட் சாவிக் கதையல்ல, சாவி போட்டுத் திருகும் சாதாரண மாதிரிகளின் கதை. ஆனால் பாடம் ஒன்றுதான். கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். பக்கத்து நாடான அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. 2015 மாதிரிகளை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் மற்றக் கம்பனிகளின் வாகனங்களில் 96 வீதத்தில் இம்மொபிலைசர் அடிப்படையாகவே இருந்தது. இந்த இரண்டு கம்பனிகளிலும் வெறும் 26 வீதம். ஒரே கம்பனி, ஒரே எல்லை. சட்டம் இருந்த பக்கம் பூட்டு இருந்தது, சட்டம் இல்லாத பக்கம் பூட்டு இல்லை.

2022 இல் டிக்டொக் வீடியோ பார்த்துப் பையன்கள் யூஎஸ்பி வயரைக் கொண்டு அந்தக் கார்களை ஸ்டார்ட் பண்ணத் தொடங்கினார்கள். இந்தத் திருட்டுகளோடு தொடர்புடைய 14 விபத்துகளும் 8 மரணங்களும் பதிவாகியிருப்பதாக 2023 பெப்ரவரியில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. சில காப்புறுதிக் கம்பனிகள் சில நகரங்களில் அந்த மாதிரிகளுக்குப் புதிய காப்புறுதி தர மறுத்தன. விலை குறைந்த மாதிரியை வாங்கியவர்தான் அங்கே கூடுதலாக அடிபட்டார்.

சட்டம் வேலை செய்யும் என்பதற்குப் பிரித்தானியாவும் உதாரணம். 1998 ஒக்டோபரில் அங்கே புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. அடுத்து வந்த ஆண்டுகளில் கார் திருட்டு பெருமளவு குறைந்தது.

ஆனால் இன்று அரசுகள் எங்கே கை வைக்கின்றன? கார் திருட்டு பெருகியபோது கனடா அரசு 2024 பெப்ரவரியில் ஃபிளிப்பர் ஸீரோ என்ற சிறிய கருவியைத் தடை செய்வதாக அறிவித்தது. அந்தக் கருவியால் ரிலே திருட்டைச் செய்ய முடியாது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு அரசும் சுருதியைக் குறைத்துக்கொண்டது. திருட்டுக் கருவி வைத்திருப்பவனைத் தண்டிக்கட்டும், அதில் ஆட்சேபனை இல்லை. ஆனால் கள்ளச் சாவியைத் தடைசெய்துவிட்டு ஓட்டைப் பூட்டை விற்க விடுவது அரைச் சட்டம்.

எங்கள் நாட்டுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஜப்பானில் பாவித்த கார்களில் புஷ் ஸ்டார்ட் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விலையோ மலை. கார் சேலில் நாம் என்ன கேட்கிறோம்? கிலோமீற்றர் எத்தனை, ஏலத் தரம் என்ன, ஹைபிரிட் பற்றரி எப்படி. பூட்டைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறோமா? நாம் கேட்காத வரைக்கும் அவர்கள் சொல்லப் போவதில்லை. ஆகவே இவற்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

1. இந்தச் சாவியில் அசைவு உணரி உண்டா? கார் சாவியின் தூரத்தை அளக்கிறதா?

2. இந்தக் காரின் கணினியில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன? என் கைக்குத் தருவது எத்தனை? கணக்கு இடித்தால், மேலதிகச் சாவியை அழித்துத் தருவீர்களா?

3. காப்புறுதிக் கம்பனியிடம்: கண்ணாடி உடையாமல், கதவு நெளியாமல் கார் களவு போனால் இழப்பீடு உண்டா? எந்த நிபந்தனையில்?

அதுவரைக்கும் நம் பங்கைச் செய்வோம். பல டொயோட்டா சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரு தடவை அழுத்தினால் ஸ்மார்ட் வசதி நின்றுவிடும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு பழைய ஐட்டம்தான், ஆனால் அதை வானொலி அலையால் கழற்ற முடியாது. டின்னில் வைப்பவர்கள், டின்னோடு காருக்குப் பக்கத்தில் போய்க் கதவு திறக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யுங்கள். ஆனால் யாராவது கார் பறிகொடுத்தால், "டின்னில் வைத்தீர்களா?" என்பதை முதல் கேள்வியாக அவரிடம் கேட்காதீர்கள். முதல் கேள்வி, 2011 இலிருந்தே தெரிந்த ஓட்டையோடு பூட்டைச் செய்தவரிடமும், அதைச் சொல்லாமல் விற்றவரிடமும், விற்க அனுமதித்தவரிடமும் கேட்கப்பட வேண்டியது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். வாசித்துவிட்டு எழுதுங்கள்.