ஆறு ரிப்போர்ட்டும் நெகட்டிவ், தம்பி

"சலூன்ல ஷேவ் பண்ணப்ப லேசா கீறிடுச்சு சார். எச்ஐவி வந்திருக்குமா?"

கேட்ட தம்பி கையில் ஆறு ரிப்போர்ட். கடலூரில் மூன்று. தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு பஸ் ஏறி சிதம்பரம் போய் மூன்று. ஷேவ் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு!

மக்களே, 3 மாதம் தாண்டி எடுத்த டெஸ்ட் நெகட்டிவ்னா அந்தச் சம்பவத்தால் உங்களுக்குத் தொற்று இல்லை. முடிஞ்சது. கொசுக்கடியிலோ, கை குலுக்குவதிலோ இது வரவே வராது. பாதுகாப்பில்லாத உறவு, பகிர்ந்த ஊசி போன்ற நிஜமான ஆபத்து நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்க. தடுப்பு மாத்திரை உண்டு. டெஸ்ட் அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம்.

ஆனா தம்பிக்கு நான் ஏழாவது டெஸ்ட் எழுதித் தரல. ஒவ்வொரு நெகட்டிவும் ரெண்டு நாள் நிம்மதி தரும், மூணாம் நாள் "லேப்ல மாத்திட்டாங்களோ?"ன்னு மனசு கேட்கும். அரிப்பைச் சொறியற மாதிரிதான். "சும்மா பயப்படாதே"ன்னு விரட்டுறதும் வைத்தியம் இல்லை. இந்தப் பதற்றமே ஒரு நோய். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் நல்லா கேட்கும். 14416, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இன்னொண்ணு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது. இன்று தினசரி மாத்திரையோடு முழு ஆயுள் வாழலாம். ஆனா தம்பி சிதம்பரம் போனது ஊர் வாய்க்குப் பயந்துதானே? அந்தப் பயத்தை ஊட்டியது நாம்தான்.

கூகுளைத் தொடாம, ரிப்போர்ட் எதுவும் எடுக்காம அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன்.