ரேம் கிளியர்ட்!

அமெரிக்கப் பள்ளிகளில் அல்ஜீப்ரா படிக்கும் பலருடைய பையில் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1999-ல் கொண்டுவந்த டி.ஐ-83 பிளஸ் அதில் ரொம்பப் பிரபலம். அதில் கிராஃப் போடலாம், புரோகிராம் எழுதலாம், கேம் விளையாடலாம். நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் ஒரே நொடியில் காணாமலும் போகலாம்! திரையில் "ரேம் கிளியர்ட்" என்று வரும். அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

ஏன் இப்படி? கால்குலேட்டரிலேயே இருக்கும் பேசிக் மொழியில் தப்பாக எழுதினால், பிழை என்று சொல்லி நின்றுவிடும். அசெம்பிளி அப்படி இல்லை. அது நேராக இசட்80 பிராசஸரோடு பேசுகிறது. ஸ்டாக்கில் போட்ட ஒன்றைத் திரும்ப எடுக்க மறந்தால் போதும், புரோகிராம் முடியும்போது எங்கேயோ தாவிவிடும். கம்ப்யூட்டரில் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் பெரும்பாலும் அந்த ஒரு புரோகிராமை மட்டும் மூடிவிடும். இங்கே தடுக்க ஆளில்லை. நமக்கென்று இருக்கும் 24 கிலோபைட் ரேமில் கேமும் வீட்டுப்பாட ஃபார்முலாவும் ஒரே திண்ணையில்தான் படுத்திருக்கின்றன.

இதற்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. மெமரி மெனுவில் 'ஆர்க்கைவ்' கொடுத்தால் புரோகிராம் ஃபிளாஷ் மெமரிக்குப் போய்விடும். அங்கே 160 கிலோபைட் இடம் உண்டு. ரேம் அழிந்தாலும் அது பொதுவாகத் தப்பித்துக்கொள்ளும். ஒரே தொல்லை, பேசிக் புரோகிராமை ஓட்டவோ திருத்தவோ மறுபடி ரேமுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைப்பது நல்லது. புது அசெம்பிளி புரோகிராமை முதலில் எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

2020-ல் டி.ஐ-84 பிளஸ் சி.இ மாடலுக்கு வந்த புதிய ஆபரேட்டிங் சிஸ்டம், அசெம்பிளி, சி புரோகிராம்களை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டது. சொன்ன காரணம் தேர்வுப் பாதுகாப்பு. "நல்லதுதானே, இனி கிராஷ் தொல்லையும் குறையும்" என்று சிலர் சொல்லலாம். தேர்வறையில் பூட்டுவது நியாயம். வீட்டிலும் சேர்த்துப் பூட்டுவது என்ன நியாயம்? ஸ்டாக் என்றால் என்ன, பேக்கப் ஏன் வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் நூறு முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது. சொந்தப் புரோகிராம் ஒருமுறை அழிந்தால் உடனே ஏறும். பதினைந்து வயதில், சின்னக் கால்குலேட்டரில், நாலு நாள் உழைப்போடு அந்தப் பாடம் முடிந்தால் லாபம்தான். பின்னால் வேலைக்குப் போன இடத்தில் படித்தால் செலவு அதிகம்!