பாட்டை எழுதியவர் யார்?

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் அடித்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால் இரண்டு வேளைக் காப்பியைக் கசக்க வைத்தது என்னவோ உண்மை. எழுதிய அன்பர் என் கதைகளை ஒன்றுவிடாமல் படித்துவருகிறவர். மேல்நாட்டுச் சங்கீதத்திலும் நல்ல பரிச்சயம் உள்ளவர். 'பிராஸ்' என்ற பிரிட்டிஷ் பையன் கோஷ்டியைப் பற்றி 2018-இல் வெளிவந்த விவரணப் படத்தைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாராம். "திறமை இல்லாத அழகு பொம்மைகள்! தாங்கள் எப்போது பிரபலமாவோம் என்று கேட்டுப் பாட்டே பாடினார்கள். கேட்டது கிடைத்தது, கிடைத்தது கைநழுவிப் போயிற்று. இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? நீங்கள் இதை வைத்து ஒரு ஹாஸ்யக் கட்டுரை எழுதினால் நன்றாயிருக்கும்" என்பது அவருடைய யோசனை.

கட்டுரை எழுதுகிறேன். ஹாஸ்யம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயரே கேள்விப்படாத வாசகர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாட் காஸ், லூக் காஸ் இருவரும் இரட்டையர்; 1968-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்தவர்கள். லண்டனுக்குத் தென்மேற்கே காம்பர்லி என்ற ஊரில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கிரெய்க் லோகன். மாட் பாடுவான், லூக் டிரம் அடிப்பான், கிரெய்க் பாஸ் கிட்டார் வாசிப்பான். (இன்று அவர்களுக்கு ஐம்பது கடந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பருவத்தைச் சொல்லும்போது எனக்கு 'பையன்' என்றுதான் வாயில் வருகிறது.) டாம் வாட்கின்ஸ் என்ற மானேஜர் கையில் அகப்பட்டார்கள். 1987 நவம்பரில் 'வென் வில் ஐ பி ஃபேமஸ்' இசைத்தட்டு வெளிவந்து, 1988-இன் தொடக்கத்தில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 1987-இல் வெளியிட்டு யாரும் சீந்தாமல் போன 'ஐ ஓ யூ நத்திங்' என்ற பாட்டை மறுபடி எடுத்து விட்டார்கள். 1988 ஜூனில் அது முதலிடத்துக்கே போய் உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு, புதுமுகங்களுக்கான பிரிட் விருது கிடைத்தது.

பிறகு என்ன? 1989-இன் ஆரம்பத்திலேயே உடல் நலம் கெட்ட கிரெய்க் விலகிக்கொண்டான். அதே ஆகஸ்டில் மற்ற இருவரும் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஜன சமுத்திரத்துக்கு முன்னால் பாடினார்கள். 1991-இல் மூன்றாவது ஆல்பம் வந்தபோது அந்தச் சமுத்திரம் வற்றிவிட்டிருந்தது. 1992-இல் கடை கட்டியாயிற்று. முதல் வெற்றியிலிருந்து முடிவு வரை கணக்குப் பார்த்தால் ஐந்து வருஷம்கூடத் தேறாது. நான் ஒரு தொடர்கதையை யோசித்து, எழுதி, புத்தகமாகப் பார்ப்பதற்கே அதில் பாதி போய்விடும்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அன்பர் தம் வழக்கு முழுவதையும் ஒரு பாட்டின் தலைப்பில் நிறுத்தியிருக்கிறார். அவர் மட்டுமா? முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பையன்களைப் பழித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புகழ் எப்போது வரும் என்று வாய்விட்டுக் கேட்ட பேராசைக்காரர்கள் என்று ஒரு முத்திரை.

சரி, அந்தப் பாட்டை எழுதியவர் யார்?

அந்த இசைத்தட்டில் ஆசிரியர் பெயர் 'தி பிரதர்ஸ்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 'பிரதர்ஸ்' என்றால் சகோதரர்கள். பாடுகிற கோஷ்டியில் இருவர் சகோதரர்கள். கோஷ்டியின் பெயரே அந்தச் சொல்லின் சுருக்கம். கடையில் தட்டை வாங்குகிற பதின்மூன்று வயதுப் பெண் என்ன நினைப்பாள்? இரட்டையர்களே எழுதிய பாட்டு என்றுதானே நினைப்பாள்? அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மானேஜர் டாம் வாட்கின்ஸ். மற்றவர் இசைத்தட்டைத் தயாரித்த நிக்கி கிரஹாம். வாட்கின்ஸ் பிறந்தது 1949-இல். அதாவது, நாற்பதை நெருங்கிய ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய கேள்வியைப் பத்தொன்பது வயதுப் பையன் பாடினான். கேட்ட உலகம் அதைப் பையனுடைய சொந்த வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதையில் ஒரு கயவனை விட்டு அசிங்கமாகப் பேச வைத்தால், வாசகர்கள் என்னைத் திட்டி எழுதுகிறார்கள். திட்டட்டும், அதுதான் நியாயம். கயவனுடைய விலாசத்தைக் கேட்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்று யாரும் கல்லெறிந்ததில்லை. பாத்திரத்தின் வாயில் வார்த்தையை வைத்தவன் நான். வந்த ஏச்சும் எனக்கே. இந்த எளிய நீதி பையன் கோஷ்டி என்று வந்துவிட்டால் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. எழுதியவர் புனைபெயருக்குள் பத்திரமாக இருக்கிறார்; ஏச்சு முழுவதும் பாத்திரத்தின் தலையில் விழுகிறது.

இன்னொன்று. அந்தப் பாட்டைப் பழிப்பவர்களில் எத்தனை பேர் அதை முழுதாகக் கேட்டிருக்கிறார்கள்? அதில் பாடுகிறவன் புகழுக்கு ஏங்கவில்லை. புகழுக்கு அலைகிற இன்னொரு பேர்வழியைப் பார்த்துப் பேசுகிற கேலிப் பாட்டு அது. நான் எப்போது பிரபலமாவேன் என்பது அந்தப் பேர்வழியின் கேள்வி. பாட்டு அதற்குக் கையை விரிக்கிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதும் விமர்சகர்களை நான் நன்றாக அறிவேன். சங்கீத உலகத்திலும் அவர்களுக்குக் கிளை இருக்கிறது போலும்!

இதே வாட்கின்ஸ் அந்த நாட்களில் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்ற இருவருக்கும் மானேஜராக இருந்தார். அவர்கள் 'ஆப்பர்சூனிட்டிஸ்' என்று ஒரு பாட்டுப் பாடினார்கள். நிறையப் பணம் பண்ணுவோம் வா என்று அழைக்கிற பாட்டு. கேட்ட விமர்சகர்கள், "ஆஹா, என்ன கூர்மையான அங்கதம்! பணவெறி பிடித்த காலத்தை எப்படிக் குத்திக்காட்டுகிறார்கள்!" என்றார்கள். அது அங்கதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் அது மட்டும் அங்கதம்? அதைப் பாடிய நீல் டென்னன்ட் முப்பது வயது கடந்தவர்; 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து மேஜைக்கு அந்தப் பக்கத்தையும் பார்த்தவர். பத்திரிகைக்காரர்கள் தங்களவர் என்று ஏற்றுக்கொண்ட மனிதர். அவர் பணம் வேண்டும் என்று பாடினால் கேலி. காம்பர்லிப் பையன் புகழைப் பற்றிப் பாடினால் பேராசை! கிழிந்த ஜீன்ஸும் பொன்னிறத் தலைமயிரும் உள்ளவனுக்கு அங்கதம் செய்ய லைசென்ஸ் கிடையாது போலிருக்கிறது. வாட்கின்ஸ் 2016-இல் தம் சுயசரிதையை வெளியிட்டபோது, அந்தப் பணப் பாட்டின் வரியைத்தான் அதற்குத் தலைப்பாக வைத்தார். அவரை யாரும் பேராசைக்காரர் என்று ஏசவில்லை. சுவாரசியமான பேர்வழி என்றார்கள். 2020-இல் அவர் காலமாகிவிட்டார். அவர் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. வியாபாரி வியாபாரம் செய்தார். தீர்ப்புச் சொன்னவர்களிடம்தான் என் சண்டை.

இந்தப் பையன்களை நான் தெய்வமாக்கப் பார்க்கவில்லை. அவர்களை யாரும் கையைக் கட்டி மேடைக்கு இழுத்துப் போகவில்லை. ஆசைப்பட்டுத்தான் போனார்கள், அனுபவிக்கவும் செய்தார்கள். இரண்டாவது ஆல்பத்தில் இரட்டையர்கள் தாங்களே பாட்டெழுத உட்கார்ந்தார்கள். அந்தப் பாட்டுகள் பழையவற்றைவிடப் பிரமாதம் என்று சொல்ல என் காது இடம் கொடுக்கவில்லை. ஆனால் அது இருபது வயதில் பாட்டெழுதப் பழகுகிறவனுக்கு நேர்கிற சாதாரணத் தோல்வி. என் முதல் நாவலை யாரும் தேடிப்பிடித்துப் படிக்காமலிருக்க நான் செய்யும் பிரார்த்தனை எனக்கல்லவா தெரியும்! எனக்குப் பழக அவகாசம் கிடைத்தது. பையன் கோஷ்டிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தயாரிப்பாளர்கள் எழுதியது அவர்கள் பெயரில் விற்றது. அவர்கள் எழுதியது விற்காதபோது, சரக்குத் தீர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்பர் அந்த ரசிகைகளையும் விட்டுவைக்கவில்லை. "கத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாத பெண்கள்" என்கிறார். கிரோல்ஷ் என்ற டச்சு பீர் புட்டியின் மூடியைப் பையன்கள் செருப்பு நாடாவில் கோத்துக்கொண்டார்கள் என்பதற்காக, பீரைக் கண்ணாலும் பாராத பெண்கள் அந்த மூடிக்காக அலைந்தார்கள். இது சிரிப்புக்கு இடமானதுதான், நானும் சிரித்தேன். ஆனால் 1964-இல் பால் ஜான்சன் என்ற பத்திரிகையாளர் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பீட்டில்ஸ் ரசிகர்களைப் பற்றி எழுதிய கட்டுரையை அன்பர் படித்திருக்கிறாரா? வெறுமை நிறைந்த முகங்கள், தலைமுறையின் உதவாக்கரைகள் என்கிற ரீதியில் போகிறது அது. அந்த உதவாக்கரைகள் கத்தியது யாருக்காக என்பதை இன்று சரித்திரப் புத்தகங்கள் மரியாதையாக எழுதிவைத்திருக்கின்றன. அன்பர் வீட்டு அலமாரியிலும் அந்தத் தட்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். கத்தல் ஒன்றுதான். பெண் பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்ததை ஆண்கள் பத்து வருஷம் கழித்து அங்கீகரித்தால் அதற்குக் கலை என்று பெயர். அங்கீகரிக்காவிட்டால் பைத்தியம் என்று பெயர்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். வெம்ப்ளியில் பாடிய பையன்கள் சில வருஷங்களுக்குள் வழக்கும் கடனுமாகத் திண்டாடினார்கள். லூக் 1993-இல் தன் கதையை எழுதியபோது அதற்கு வைத்த பெயர், முதலிடத்துக்குப் போன அந்தப் பாட்டின் பெயர்தான்: 'ஐ ஓ யூ நத்திங்'. உனக்கு நான் ஒரு சல்லியும் தர வேண்டியதில்லை என்று அர்த்தம். உலகத்துக்கெல்லாம் கடன்பட்டு நின்றவன் அப்படித் தலைப்பு வைக்கிறான். அங்கதம் தெரியாதவன் செய்கிற காரியமா இது?

அவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்த 1988-இல்தான், சகோதரி முறையான ஒரு பெண்ணைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார்கள். 2018 படத்தில் அதைப் பற்றிப் பேசும்போது இரண்டு ஐம்பது வயதுக்காரர்களின் முகமும் மாறிப்போகிறது. அன்பர் அந்த இடத்தில் என்ன செய்தார் என்று கடிதத்தில் எழுதவில்லை.

ஜோ பேர்ல்மன், டேவிட் சூட்டர் இருவரும் எடுத்த படம் அது. 2017 ஆகஸ்டில், வெம்ப்ளிக்கு 28 வருஷம் கழித்து, லண்டன் ஓ-டூ அரங்கில் மறுபடி ஒன்றாகப் பாடுவதற்காக அண்ணன் தம்பி ஒத்திகை பார்ப்பதும், சண்டை போடுவதும், சமாதானமாவதும்தான் கதை. வீண்பேச்சும் நிறைய இருக்கிறது. காட்டுக் கொட்டையை நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி விளையாடுவது ஆங்கிலச் சிறுவர்களின் பழைய விளையாட்டு. அதைக்கூட இப்போது பிள்ளைகளை விளையாட விடுவதில்லையே என்று மாட் ராஜ்யம் போன ராஜா மாதிரி மனம் நொந்து பேசுகிறார். நாடே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பேச்சை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு. இந்த மனிதரைச் சிரிக்க வேண்டுமானால் அதற்காகச் சிரியுங்கள். தாராளமாக நானும் கூட வருகிறேன்.

கிரெய்க் லோகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதலில் விலகிப்போன அந்தப் பையன் பின்னாளில் இசைத்தட்டுத் தொழிலிலேயே நிர்வாகியாகி, பாடகர்களுக்கு மானேஜராகவும் ஆனார். மூவரில் கெட்டிக்காரர் என்று அவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அன்பருக்கு ஒரு வேண்டுகோள். எங்கேயாவது பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டு அகப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டைக் கேட்க வேண்டாம். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, எனக்கு மறு கடிதம் போடுங்கள்.