புலித்தலை ராட்சசனிடம் யாராவது பேசினீர்களா?

பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரு ராத்திரி, அறைத்தோழன் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். “டேய், நீ மலைக்காரன்தான? உங்காளு ஒருத்தன் இதுல வர்றான் பாரு.” திரையில் புலித்தலையோடு ஓர் உருவம். பெயர் ராக்‌ஷசா. அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நான் புதூர்நாட்டுக்காரன். திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்கள். எங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளாவா என்று கேட்காதீர்கள். பழங்குடிப் பட்டியலில் இருக்கும் தமிழ் பேசும் மலைவாசிகள் நாங்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்பது எங்களிடம் உள்ள கதை. கீழே படிக்கப் போனால் எங்களுக்கு ஒரே பெயர்தான்: காட்டான்.

அந்த கேம் ‘பால்டர்ஸ் கேட் 2’. 2000-இல் வந்தது. அதில் வரும் ராட்சசன் நம் புராணத்திலிருந்து நேராகப் போனவன் இல்லை. 1974 டிசம்பரில் ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசன் ஒருவன் வந்தான். நாம் நம்புகிற ஆளின் உருவத்தில் நெருங்கி வந்து கொல்பவன். மந்திரித்த அம்பை குறுக்குவில்லில் வைத்து எய்தால்தான் சாவான். அடுத்த வருஷமே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காரர்கள் அவனை எடுத்துக்கொண்டார்கள். 1977-இல் அவர்களுடைய பூதப் புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படம் வந்தது: புலித்தலை, ஆடம்பர உடை, கையில் புகைக்குழாய். பிந்தைய பதிப்புகளில் உள்ளங்கை பின்பக்கம் திரும்பிக்கொண்டது. ‘பால்டர்ஸ் கேட் 2’, ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ என்று அந்த விதிகளில் எழுதப்பட்ட கேம்களுக்குள் அதே புலித்தலை நடந்து போனது.

புலித்தலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கற்பனை செய்யட்டும். என் புகார் வேறு.

‘பால்டர்ஸ் கேட் 2’-இல் ட்ரேட்மீட் என்று ஒரு வணிக ஊர். அங்கே கூடாரம் போட்டிருக்கும் ஜின்கள் உங்களுக்கு ஒரு வேலை தருவார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ராட்சசியின் தலையைக் கொண்டுவர வேண்டும். அவளுக்கு வசனம் உண்டு. ஆனால் வேலை முடிவது அவள் தலையில்தான். ஊருக்கு வியாபாரம் நடக்க வேண்டும், அதற்குக் காட்டிலிருந்து ஒரு தலை வேண்டும். இதை விளையாடிய எத்தனை பேர் ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்திருப்போம்? நான் யோசிக்கவில்லை. தலையைக் கொண்டுபோய்க் கொடுத்து சாமான் வாங்கினேன்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாக ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி கேம்களில் ஒவ்வொரு பூதமும் அட்டவணையில் ஒரு வரி. எவ்வளவு உயிர், எவ்வளவு தாக்குதல், எவ்வளவு காப்பு, செத்தால் என்ன விழும். “இதற்கு என்ன வேண்டும்?” என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தப் பத்தி இல்லாத இடத்தில்தான் அரக்கன் பிறக்கிறான்.

எங்கள் வீட்டில் அந்தப் பத்தி இருந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். சித்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் வாளை எடுக்கவில்லை, எடுத்த எடுப்பில் விரட்டவும் இல்லை. எதிரே உட்கார்ந்து விசாரித்தார்.

“நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு இவள புட்ச்ச?”

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு சித்தியின் வாயிலிருந்து வேறொரு குரலில் ஒரு பெயர் வந்தது. கிணற்றில் விழுந்து செத்துப்போன ஒரு மருமகள். என்ன வேணும் என்றார் பூசாரி. ஆடு, சேலை, வளையல் என்றது. பூசாரி ஆட்டைக் கோழியாகக் குறைத்தார். கடைசியில் அது கேட்டது இன்னும் ஒன்று: பொங்கல் படையலில் என் பேரையும் சொல்லணும். இதற்குப் பேரம் பேசவில்லை, உடனே ஒத்துக்கொண்டார்கள்.

இதை நான் அழகுபடுத்தவில்லை. நடுவில் வேப்பிலை அடியும் விழுந்தது. சித்திக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு மருத்துவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சடங்கின் அடியில் ஓர் அறம் இருக்கிறது. பேயாக வந்தவளுக்கும் ஊர் உண்டு, பேர் உண்டு, ஒரு குறை உண்டு. அதைக் கேட்காமல் அவளை அனுப்ப முடியாது.

கேமில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டுகிறேன். 1987-இல் அட்லஸ் நிறுவனம் செய்த ‘மெகாமி டென்செய்’ வந்தது. எட்டு-பிட் இயந்திரத்தில் ஓடிய கேம். அதில் பூதத்தோடு சண்டை போடலாம், பேசவும் பேசலாம். அது காசு கேட்கும், பொருள் கேட்கும், சில சமயம் வாங்கிக்கொண்டு ஓடிவிடும். பேரம் படிந்தால் உங்களோடு சேரும். அந்தக் குடும்பத்தின் ‘பெர்சோனா’ வரை பல கேம்களில் நம் காளியும் ராக்‌ஷசாவும் வருகிறார்கள். அந்தக் கேமிலும் குறை உண்டு. இரண்டு பூதத்தைக் கலந்து மூன்றாவதைச் செய்கிறார்கள், சாமியையும் சரக்காக்குகிறார்கள். ஆனாலும் அந்தப் பேரத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பூசாரிதான் ஞாபகம் வந்தார்.

நம் ஊரில் இதைப் பற்றி எழும் கோபமோ வேறு திசையில் போகிறது. 2012-இல் ‘ஸ்மைட்’ என்ற கேமில் காளியைச் சேர்த்ததற்கு அமெரிக்காவிலிருக்கும் ராஜன் செட் எதிர்ப்புத் தெரிவித்தார். தெய்வத்தை ஆட்டக்காரன் கட்டுப்படுத்தலாமா என்பது அந்தக் கோபம். சரி, தெய்வத்துக்காகப் பேச ஆள் இருக்கிறது. ராட்சசனின் தலையைக் கேட்டபோது யாருக்காவது மனம் புண்பட்டதா? அரக்கர் சாக வேண்டியவர்கள் என்பதில் கேம் செய்தவருக்கும் கேமை எதிர்ப்பவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

தமிழில் அரக்கன் பக்கம் நின்றவர்கள் உண்டு. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது. 1948-இல் தடை செய்தார்கள், 1971-இல்தான் தடை நீங்கியது. அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இராவணனுக்கு மரியாதை கிடைத்தது அவன் அரசன் என்பதால், வீணை வாசித்தவன் என்பதால், தமிழன் என்று சொல்ல முடிந்ததால். மாளிகை இல்லாத, பெயர்கூட இல்லாத, காட்டில் வேள்விப் புகை பார்த்து ஓடிவந்த அரக்கர்களுக்கு யார் காவியம் எழுதினார்கள்?

“ஒரு கேமுக்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்பீர்கள். 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. பாதிக்கு மேல் திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்கள், ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை விவகாரம் போனது. மறுநாள் என் அலுவலக மதிய உணவு மேசையில் ஒருவர் சொன்னார்: “கடத்தல்காரங்கதானே?” அவ்வளவுதான். எந்த ஊர், எவ்வளவு கூலி, யார் கூட்டிப்போனது, மலையில் ஏன் வேலை இல்லை என்று ஒரு கேள்வி வரவில்லை.

கேம் விளையாடியதால் அவர் அப்படிப் பேசினார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேமே விளையாடாதவர். ஒரு பெயரை வைத்துவிட்டால் அதன்பிறகு பேச்சுத் தேவையில்லை என்ற பழக்கம் கேமுக்கும் முந்தையது. கேம் அதைச் சுகமாக்குகிறது. ஒரு தலைக்கு இவ்வளவு என்று பரிசும் தருகிறது. அதே பழக்கம் எனக்கும் இருந்தது என்பதை அந்த விடுதி அறையில் நான் சிரித்த சிரிப்பே காட்டும்.

நம் ஆட்களும் இப்போது கேம் செய்கிறார்கள். காட்டேரியையும் முனியையும் எடுக்கலாம் என்று ஆசைப்படுபவர்கள் எனக்கே நாலு பேர் தெரியும். எடுங்கள். பல்லை நீளமாக வரையுங்கள், கண்ணைச் சிவப்பாக்குங்கள், ஆட்டக்காரனைப் பயமுறுத்துங்கள். அட்டவணையில் ஒரு பத்தி மட்டும் கூடுதலாகப் போடுங்கள்: இவளுக்கு என்ன வேண்டும்? பதில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பூதத்தைத் தொடாதீர்கள்.

சித்தி வீட்டில் இன்றைக்கும் பொங்கல் படையலின்போது அந்த மருமகளின் பெயரைச் சொல்கிறார்கள். சித்தியின் பேரப்பிள்ளைகளுக்கு அவள் யார் என்று தெரியாது. பெயரை மட்டும் மறக்காமல் சொல்கிறார்கள்.