பழைய கார்ச் சந்தையும் நாணயமும்

நமது சங்கங்களின் அங்கத்தினர்களில் பலர் இன்று சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. சேலைக் கட்டுகளை மழையில் நனையாமல் சங்கத்தில் கொண்டு சேர்க்கவும், விளைந்த காய்கறியை விடியுமுன் சந்தைக்கு அனுப்பவும், வீட்டில் நோயுற்ற முதியவரை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வண்டி வேண்டியிருக்கிறது. புது வண்டியின் விலையோ நெசவாளிக்கும் சிறு விவசாயிக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே, பிறர் ஓட்டிய வண்டியை வாங்குவதே வழி என்று அவர்கள் கருதுகிறார்கள். அந்த வழியில் உள்ள பள்ளங்களைப் பற்றி எழுதுவது கூட்டுறவுப் பத்திரிகையின் வேலையா என்று சில அன்பர்கள் கேட்கலாம். நமது வேலைதான் என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் பணியில் நமக்குப் பல குடும்பங்களின் கஷ்ட நஷ்டங்கள் தெரிய வருகின்றன. ஒரு சங்கத்தில் தவணை கடந்த நகைக் கடன்களைப் பற்றி விசாரித்தபோது, ஓர் அங்கத்தினர் தம் மனைவியின் சங்கிலியை ஈடு வைத்துப் பழைய சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கிய விவரம் வெளியாயிற்று. வாங்கிய மூன்றாம் மாதமே கியர் பெட்டி கெட்டுவிட்டது. அதைச் சரி செய்ய அவரிடம் பணம் இல்லை. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. சங்கிலி சங்கத்தின் பெட்டகத்தில் கிடக்கிறது. வட்டி ஏறிக்கொண்டே போகிறது. விற்றவரைத் தேடிச் சென்று கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்ற ஒரே பதில்தான் கிடைத்ததாம். இந்த நஷ்டம் அந்தக் குடும்பத்தோடு நிற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். திரும்பி வராத கடன் சங்கத்தின் நஷ்டம். சங்கத்தின் நஷ்டம் எல்லா அங்கத்தினர்களின் நஷ்டம்.

நாமும் சென்ற சில மாதங்களாகக் குடும்ப உபயோகத்துக்கென ஒரு பழைய கார் வாங்க முயன்று வருகிறோம். அந்த முயற்சியில் கண்டவற்றைச் சொல்வது வாசகர்களுக்குப் பயன்படும்.

முதலில் பார்த்த காரில், ஓடிய தூரம் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முன்மூடியைத் திறந்து பார்த்தால், அடுத்த ஆயில் மாற்றம் தொண்ணூறாயிரத்தில் என்று எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று உள்ளே இருந்தது. மீட்டரைத் திருத்தியவர் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார் போலும். இரண்டாவது காரைத் திறந்தவுடன் வாசனைத் திரவியத்தின் மணம் மூக்கைத் துளைத்தது. இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்துப் பார்த்தோம். அதன் அடிப்பகுதியில் உலர்ந்த சேற்றின் கறை காணப்பட்டது. தரை விரிப்பின் அடியிலும் அப்படியே. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்பது விளங்கிற்று. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நேர்ந்தது போன்ற வெள்ளங்களில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கியவற்றுள் கழுவித் துடைத்து மீண்டும் சந்தைக்கு வருபவையும் உண்டு. வெளித்தோற்றம் பளபளக்கும், மின்கம்பி இணைப்புகளோ உள்ளே மெல்லத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது காரை விற்பவர் "ஒரே கை ஓட்டிய வண்டி" என்று பலமுறை உறுதி கூறினார். பதிவுச் சான்றிதழில் அவர் மூன்றாவது உரிமையாளராக இருந்தார். வங்கிக் கடனின் பேரில் உள்ள அடமானக் குறிப்பும் அதில் நீக்கப்படாமல் இருந்தது. "கடன் முடிந்த மாதிரிதான்" என்றார். கடன் முடிவதும் முடிந்த மாதிரி இருப்பதும் ஒன்றல்ல என்பது கூட்டுறவுச் சங்கத்தில் வரவு செலவு வைத்துள்ள எவருக்கும் தெரியும். நான்காவது இடத்தில், நமக்குத் தெரிந்த மெக்கானிக் வந்து பார்க்கட்டும் என்று கேட்டோம். முதலில் முன்பணம் கொடுத்தால்தான் பார்க்கலாம், வேறொருவர் ரொக்கத்துடன் வந்துகொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்தினார்கள். பரிசோதனைக்கு அஞ்சும் பொருளை வாங்கலாகாது என்று வந்துவிட்டோம்.

இவற்றையெல்லாம்விட ஐந்தாவது அனுபவமே நம் மனத்தைப் பெரிதும் வருத்தியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். பழுது பார்த்த ரசீதுகள் அத்தனையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார். ஒரு முறை பின்புறம் இடிபட்டதையும், குளிர்சாதனம் சரியாக வேலை செய்யாததையும் நாம் கேட்காமலே சொன்னார். ஆனால் அந்தக் கார் விற்பனைக்கு இல்லை என்றார். வந்தவர்களெல்லாம் அவர் சொன்ன குறைகளைக் கேட்டு விலையைக் குறைத்தார்களே தவிர, சொல்லாத குறை ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கவில்லையாம். சலிப்புற்றுத் தம் மருமகனுக்கே அதைக் கொடுத்துவிட்டார். பொய் சொன்ன நால்வரின் கார்கள் சந்தையில் நிற்க, மெய் சொன்னவரின் கார் சந்தையை விட்டே போய்விட்டது.

இது தற்செயலாக நேர்ந்தது அன்று. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்பவர் 1970-ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். உள்ளூறப் பழுதான காரை அந்நாட்டார் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பர். கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. மூன்று பத்திரிகைகள் ஏற்க மறுத்த பிறகே அது அச்சேறிற்று. பின்னர் 2001-இல் வேறு இருவருடன் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தப் பெருமைக்கு அடிப்படையாக இருந்தது அக்கட்டுரையே.

அவர் கூறிய தத்துவத்தை நம் கணக்கில் சொல்வோம். நல்ல காரின் மதிப்பு நாலு லட்சம் ரூபாய், பழுதான காரின் மதிப்பு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் இரண்டுக்கும் நடுவாக மூன்று லட்சம்தான் தர முன்வருவார். நாலு லட்சம் பெறும் வண்டியை மூன்று லட்சத்துக்கு யார் கொடுப்பார்? நல்ல காரின் சொந்தக்காரர் விலகிக்கொள்வார். எஞ்சி நிற்பவை பெரும்பாலும் பழுதானவையாகவே இருக்கும். இதை உணர்ந்து வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார். ஓரளவு நல்ல வண்டிகளும் அப்போது விலகும். இவ்வாறு, ஏமாற்றுகிறவன் தன்னிடம் வாங்கியவனை மட்டும் கெடுப்பதில்லை. நாணயமாக விற்க வந்தவனின் பிழைப்பையும் கெடுக்கிறான்.

அக்கர்லாஃப் 1967-68-ஆம் ஆண்டில் புது தில்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தங்கியிருந்தவர். நம் நாட்டுப் பெண்கள் கடை அரிசியில் கலந்துள்ள கல்லைப் பொறுக்குவதையும், கிராமத்து லேவாதேவிக்காரர் வசூலிக்கும் வட்டியையும் அவர் தம் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். கடன் கேட்பவனின் நாணயத்தை அறிந்தவர் உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவரே. அதனால் அவர் வைத்ததே வட்டியாயிற்று. இந்த இடத்தில்தான் பழைய காரின் கதை நமது இயக்கத்தின் கதையோடு வந்து சேர்கிறது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் தோன்றிய கடன் சங்கங்கள், ஊராருக்கு ஒருவரையொருவர் தெரியும் என்ற அறிவையே மூலதனமாகக் கொண்டன. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள் தங்கள் கடையைத் திறந்ததும், கலப்படமற்ற மாவையும் சரியான எடையையும் நாடித்தான். வாங்குபவன் தனியாக நின்று அறிய முடியாததைப் பலர் சேர்ந்து அறிந்துகொள்வதே கூட்டுறவு.

அரசாங்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதிகள் 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தன. வியாபாரி ஏமாற்றினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அமெரிக்காவிலோ மீட்டரைத் திருத்துவதைத் தடுக்க 1972-இலேயே சட்டம் செய்தார்கள். வியாபாரி தாம் உத்தரவாதம் தருகிறாரா இல்லையா என்பதைக் காரின் கண்ணாடியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று 1984-இல் விதி வகுத்தார்கள். ஆயினும் சட்டம் பெரும்பாலும் நஷ்டம் நேர்ந்த பிறகே உதவிக்கு வருகிறது. வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவரிடம் ஆணையத்தின் முன் காட்ட ஆதாரமும் இருப்பதில்லை.

ஆகவே நமது சங்கங்கள் செய்யக்கூடிய சில காரியங்களைப் பஞ்சாயத்தாரின் யோசனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, அருகருகே உள்ள நாலைந்து சங்கங்கள் சேர்ந்து, திறமையும் நேர்மையும் உள்ள இரண்டு மெக்கானிக்குகளை ஏற்பாடு செய்துகொள்ளலாம். வண்டி வாங்கும் அங்கத்தினர் பரிசோதனைக் கட்டணத்தைச் சங்கத்தில் கட்ட வேண்டும். மெக்கானிக் விற்பவரிடமிருந்து ஒரு காசும் பெறலாகாது. பஞ்சாயத்தாருக்கோ காரியதரிசிக்கோ உறவினராக உள்ளவரை நியமிக்கவும் கூடாது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்ப்பது, டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைப் படிப்பது, சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுவது ஆகியவற்றை அவர் முறையாகச் செய்து, கையொப்பமிட்ட அறிக்கை தர வேண்டும்.

இரண்டாவது, விற்பவரிடமிருந்து ஓர் உறுதிச் சீட்டு வாங்க வேண்டும். ஓடிய தூரம், விபத்து, வெள்ளம், இதுவரை மாறிய கைகள், கடன் பாக்கி ஆகிய ஐந்து விவரங்களுக்கு அவர் எழுத்தில் பதில் சொல்லட்டும். கையெழுத்திடத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்புவதே லாபம்.

மூன்றாவது, தஸ்தாவேஜுகளைப் பூர்த்தி செய்வதில் சங்கம் துணை நிற்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண்ணுள்ள படிவங்களையும், அடமானம் இருந்தால் அதை நீக்கும் 35 எண்ணுள்ள படிவத்தையும் கையொப்பத்துடன் பெற்ற பிறகே முழுத்தொகையைக் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் ஆபத்து. வண்டி கைமாறிய பிறகும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தம் வண்டியை விற்கும் அங்கத்தினர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

"நெசவுச் சங்கம் நூலைப் பார்க்கட்டும், காரைப் பார்ப்பானேன்?" என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நூலின் நம்பரிலும் எடையிலும் வியாபாரி செய்த மோசடியைத் தனி நெசவாளியால் தடுக்க முடியாமற்போனதால்தான் சங்கம் நூல் வாங்கிக் கொடுக்கத் தொடங்கிற்று. விதையின் முளைப்புத் திறன் பார்வைக்குத் தெரியாது என்பதால்தான் விவசாயி சான்று பெற்ற விதையை நாடுகிறார். காரும் அவ்வகையைச் சேர்ந்த பொருளே. சங்கம் கார் வியாபாரம் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அங்கத்தினரின் கண்ணுக்குப் புலப்படாததைப் பார்க்கச் சங்கம் ஒரு கண் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

இறுதியாக, நமக்குள் பேச வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும், போலி ஜரிகையை அசல் ஜரிகை என்றும் விற்பவர்கள் நமது தொழிலிலும் உண்டு. ஈரம் காயாத நெல்லை மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. கைத்தறி முத்திரை 2006-இல் ஏற்பட்டதற்கு இதுவே காரணம். வாங்குபவர் ஐயத்தால் எல்லாச் சேலைக்கும் விலையைக் குறைக்கும்போது, இரவும் பகலும் மெய்யாகக் கைத்தறியில் உழைத்தவரே முதலில் தறியை விட்டு விலக நேர்கிறது. அந்த ஆசிரியர் காரை விற்காமல் விலகிக்கொண்டதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. கார் விற்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நாணயத்தை நமது சரக்கை வாங்குபவருக்கு நாமும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இந்த யோசனைகளை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு சங்கங்களின் நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பரிசோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். அது தடுக்கக்கூடிய நஷ்டம், பெட்டகத்தில் கிடக்கும் ஒரு சங்கிலியின் அளவேனும் இருக்கும்.