புகை நாளில் சைக்கிள் ஓடலாமா?

2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை ரொறன்ரோவை மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 ஜூலை 14 அன்றும் உலகத்தில் காற்று மிக மோசமான நகரங்களின் வரிசையில் எங்கட நகரம் நின்றது. இனி ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கேள்வி வரும்.

டோர்செட் பார்க்கில் விடுமுறை என்றால் பிள்ளைகளுக்கு சைக்கிள்தான். என் மகனுக்கு எட்டு வயது, ஆஸ்துமாவுக்கு பம்ப் பாவிக்கிறவன். "வெயில் எறிக்குது, போவம் அப்பா" என்று நிற்பான். அம்மாவோ, "விறகடுப்புப் புகைக்குள்ள வளர்ந்த ஆக்கள் நாங்கள், ஒண்டும் செய்யாது" என்பா. அந்தப் புகையும் நெஞ்சுக்கு நல்லதில்லைதான்.

புகையில் இருக்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நுரையீரலின் அடிவரை போகும். சைக்கிள் மிதிக்கும்போது சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். பிள்ளைகள் தங்கட எடைக்கு எங்களைவிடக் கூடவே இழுப்பார்கள்.

கண்ணையும் மூக்கையும் நம்பாமல் காற்றுத்தரச் சுகாதாரச் சுட்டெண்ணைப் பாருங்கோ. வெதர்கான் அப்பிலேயே இருக்கு. ஸ்காபரோவில் இருக்கிறவர்கள் 'ரொறன்ரோ கிழக்கு' என்பதைப் பார்க்க வேணும். அதன் அளவீட்டு நிலையம் கென்னடி, லோரன்ஸ் சந்திப்புப் பக்கம், எங்களுக்குக் கிட்டத்தான். அதில் இரண்டு வகை ஆலோசனை உண்டு: பொதுவானவர்களுக்கு ஒன்று, பிள்ளைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரருக்கு இன்னொன்று. பிள்ளைக்கு இரண்டாவதைத்தான் வாசிக்க வேணும்.

வேலையில் அலேர்ட் எப்போது அடிக்க வேணும் என்று முதலே எழுதி வைப்போம். வீட்டிலும் அதேதான், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கு:

1 முதல் 3: ஓடலாம்.
4 முதல் 6: கிட்ட, மெதுவாக. இருமினால் வீட்டுக்கு.
7க்கு மேல்: சைக்கிள் இல்லை, அப்பாவுக்கும் இல்லை.

7 முதல் 10 வரை எனக்கு ஓட இடமிருக்கு. ஆனால் அவனை ஜன்னலடியில் விட்டிட்டு நான் மட்டும் போனால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

சாதாரண மாஸ்க் இந்தத் துகளை மறிக்காது. என்95 மறிக்கும், ஆனால் சின்ன முகத்துக்குச் சரியாகப் பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு மிதிப்பதும் கஷ்டம். ஜன்னலைச் சாத்தி, ஹெப்பா பில்டர் உள்ள மெஷினைப் போட்டு, உள்ளேயே விளையாட விடுங்கோ.

புகை மணிக்கு மணி மாறும். காலையில் 8 என்றால் பின்னேரம் 3 ஆகலாம். எண்ணைப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே குடுங்கோ. "அப்பா விடமாட்டார்" என்ற கதை போய், "இன்னும் ஏழில நிக்குது" என்று அவனே சொல்லுவான்.